ஊசியக்காவின் சீப்பு

அக்காவின் சிகிச்சை அறையில் கதவோரம் ஒரு சீப்பு தொங்கும். ஊசி போட்டுக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளே தலை வாரிப் பின்னிவிட்டுத்தான் அனுப்புவாள். இன்று அவள் சாவுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் அதைச் சொல்லித்தான் அழுதார்கள். அந்தச் சீப்பு வந்த கதை, அவளிடம் உதவிக்கு இருந்த எனக்குத் தெரியும்.

தையற்கடைக்கு மேலே ஒற்றை அறை, உயரமான கட்டில், ஊசித்தட்டு. அக்குபஞ்சர் படித்த அவளுக்குத் தெரு வைத்த பெயர் ஊசியக்கா. நிறைமாதப் பெண்கள் அதிகம் வருவார்கள். அவள் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

அன்று வந்தவள் தபால் நிலைய எழுத்தர். தேதி தாண்டிவிட்டது. மறுநாள் மருந்து கொடுத்து வலி வரவைப்பதாக மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"இதுல வலி தானா வந்துடுமாக்கா?"

"வரும்னு சொன்னா நான் புளுகுறேன்னு அர்த்தம். சிலருக்கு வருது. அது ஊசியாலயா, வர்ற நேரமான்னு தெரியாது. கொஞ்சம் தூங்கு, போதும்."

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊசியைப் பார்த்ததும் படிக்கட்டுக்கு நழுவிவிட்டான்.

"அந்தரத்துல தொங்குற ஆளு, இந்த முடியளவு ஊசிக்கு ஓடுறதப் பாருங்க!" என்று சிரித்தவள், அப்படியே ஒருக்களித்துத் தூங்கிப்போனாள்.

விழித்தபோது பனிக்குடம் உடைந்திருந்தது. அக்கா பரபரவென்று ஊசிகளை உருவினாள். அந்தப் பெண் கலைந்த கூந்தலை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு, கணவன் தோளைப் பிடித்தபடி இறங்கிப் போனாள்.

கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் அக்கா தட்டை நீட்டினாள். "எண்ணுடி. ஒண்ணு குறையுது."

விரிப்பை உதறினோம். தரையைத் தடவினோம். இல்லை.

"முதுகுல போட்டத எடுத்தேனா? நீ பாத்தியா?"

"எனக்கெப்படிக்கா தெரியும்?"

"ஆஸ்பத்திரியில பிரசவ வலி தெரியாம இருக்க முதுகுலதான்டி ஊசி போடுவாங்க. மல்லாத்திப் படுக்க வச்சா?" அவள் முகத்தில் ஈயாடவில்லை. கணவனின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தவள் என் தோளை விடவேயில்லை.

பிரசவ அறை வாசலில் நர்ஸ் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஊசிய விட்டுட்டு வந்தீங்களா? நாங்க பஞ்சையே எண்ணித்தாம்மா எடுப்போம்!"

"என் தப்புதான். அப்புறம் திட்டுங்க. முதல்ல தேடுங்க."

அக்காவையும் உள்ளே விட்டார்கள். திறந்திருந்த கதவு வழியே எல்லாம் எனக்குத் தெரிந்தது. முதுகில் இல்லை. கணுக்காலில் இல்லை. கையில் இல்லை. அடுத்த வலி வந்தபோது, அலறலுக்கு நடுவே, "தலையில என்னவோ குத்துது!" என்றாள்.

அக்கா கொண்டையைப் பிரித்தாள். உச்சந்தலையில், முதன்முதலாகப் போட்ட ஊசி வளைந்து நின்றது.

"பாவி, உனக்கெதுக்கு இவ்வளவு முடி?" அக்கா அதை மெல்ல உருவினாள்.

"விடுங்கக்கா. இந்த வலியில அதெல்லாம் கொசுக்கடி."

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. "எல்லாம் உங்க ஊசிதான்க்கா!" என்று கும்பிட்டான் கணவன். "அது வர்ற நேரம் தம்பி," என்றதோடு சரி அக்கா. திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு சீப்பு வாங்கினாள்.

அன்பாக வாரிவிடுவாள் என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் சீப்பு உச்சியைக் கடக்கும்வரை அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.