ஞாயிற்றுக்கிழமை செல்வி வீட்டில்

நான் ஒருபோதும் வாயால் சொல்லாத ஒன்றை என் ஏழு வயது மகள் யாரிடம் கற்றாள்? இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் இல்லை, அல்லது இருக்கிற பதிலைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கொரட்டூருக்கு வந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அங்கே நான் படித்த பள்ளிக்கூடத்தில் மதிய மணியடித்தால் வீட்டுக்கு ஓடிவிடுவோம். அடுத்தவர் என்ன சாப்பிடுகிறார் என்று தெரியாது. இங்கே தர்சினியின் இரண்டாம் வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் கூட்டாஞ்சோறு. பிள்ளைகள் பெயர்ப்பட்டியல் வரிசையில் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பக்கத்துத் தட்டில் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்குள் ஏற்றத்தாழ்வு வரக் கூடாது என்று தலைமையாசிரியை கொண்டுவந்த வழக்கம். எனக்கு அது விநோதமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் மகளிடம், "ஆற்றை சாப்பாடு சாப்பிட்டனி?" என்று, யாருடைய டப்பாவிலிருந்து வந்தது என்பதை விசாரிப்பேன். சுத்தத்துக்காகத்தான் கேட்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

ஆசிரியை கூப்பிட்டனுப்பியபோது என் பிள்ளையை யாரோ அழவைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஆமாம் என்பதற்கு அவள் "ஓம்" என்று சொல்வதைக் கேட்டு முன்பு பிள்ளைகள் சிரித்ததுண்டு. 'நாங்கள் அகதிகள்தான், ஆனால் மரியாதை உள்ள ஆக்கள்' என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

"உங்க பொண்ண யாரும் அகதின்னு கிண்டல் பண்ணக்கூடாதுன்னு மொத நாளே பசங்ககிட்ட சொல்லி வெச்சேம்மா," என்றார் ஆசிரியை. "அது என்ன பண்ணிச்சு தெரியுமா?"

பட்டியலில் தர்சினிக்கு முந்திய பெயர் செல்வி. அவள் வீடு ஏரிக்கரைத் தெருவில் என்று தர்சினிக்கு அந்த வாரம்தான் தெரியவந்ததாம். செல்வி புளிச்சோறு வைக்க வந்தபோது தர்சினி தட்டைக் கையால் மூடியிருக்கிறாள். ஏன் என்று ஆசிரியை கேட்டதற்கு வகுப்பு முழுவதும் கேட்க, "எங்கட வீட்டிலை அந்தத் தெரு ஆக்களுக்கு வேறை தம்ளர்," என்றிருக்கிறாள். யாரோ சிரித்திருக்கிறார்கள். செல்வி டப்பாவை மூடிக்கொண்டு வெளியே போனவள்தான், அதன்பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணும் ஏரிக்கரையில் அதே தெருவில்தான் இருக்கிறாள். அவளுக்குத் தேநீர் ஊற்றும் தம்ளர் சமையலறை ஜன்னலில் தனியாக இருக்கும். அப்படி வை என்று யாரும் சொல்லவில்லை. என் கை வைத்தது. ஊரில் எங்கள் கிணற்றைத் தொடக் கூடாதவர்களுக்கு அம்மா வாளியால் அள்ளிக் கைகளில் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்த கை. அதே கையால்தான் பள்ளிக்கூடத்தில் சமத்துவம் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கினேன்.

அன்று மாலையே செல்வியின் வீட்டைத் தேடிப் போனேன். அவள் அம்மா அஞ்சலை, தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவள். அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தாள்.

"வாம்மா, குந்து," என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வியைக் கடைக்கு அனுப்பினாள். செல்வி ஒரு கலர் பாட்டிலை ஸ்ட்ராவோடு கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"இதெல்லாம் எதுக்கு? எனக்குத் தண்ணி காணும்," என்றேன். போதும் என்ற பொருளில் நான் சொன்னது அவளுக்குப் பிடிபட ஒரு கணம் ஆனது.

"எங்கூட்டுத் தண்ணிய நீ குடிக்க மாட்டியேம்மா. அதான் கலரு. கடையில மூடிபோட்டு வந்தது, யாரு கையும் படல." கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் என்னை உலுக்கியது.

"இல்லை, தண்ணியே தாங்கோ. குடிக்கிறன்."

"இப்ப குடிச்சி இன்னா காட்டப்போற?" என்று சிரித்தாள். "கடலு தாண்டி உசுரக் கையில புடிச்சிகினு வந்தியே, இத்தயுமா மூட்டகட்டி எடுத்தாந்த?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை உதறினாள்.

"எம்பொண்ணு பக்கத்துல குந்தப்போறது நீயில்ல, உம்பொண்ணு. ஞாயித்துக்கெழம அத்த இங்க அனுப்பு. எங்கூட்ல ஒருவேள துன்னட்டும். திங்கக்கெழம செல்வி தானா ஸ்கூலுக்கு வரும்."

என் கணவர் வேண்டாம் என்று மறித்துவிட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன், அதற்கும் வெட்கப்படுகிறேன். இவர் மறிக்கவில்லை. "உன்ரை விருப்பம். ஆனால் எங்கட சனத்துக்குச் சொல்லாதை. தங்கச்சிக்குக் கலியாணம் பேசுற நேரம்," என்றார். இந்த ஊரில் எங்களுக்கென்று இருப்பது அந்த நாலைந்து வீடுகள்தான். அவர்களில் சிலர் இந்தப் பத்திரிகையை வாசிப்பார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அனுப்புவதாக முடிவெடுத்துவிட்டேன். ஆனால் ஏரிக்கரை வழியே நடக்கும்போது மகளிடம் என்ன சொல்வது? காரணத்தைச் சொன்னால் சாதி என்ற சொல்லை முதன்முதலாக அவள் என் வாயால் கேட்பாள். சொல்லாவிட்டால் தண்டனை என்று நினைத்துக்கொண்டு அந்தச் சோற்றை விழுங்குவாள். இப்போதே அவள் என்னோடு எங்கள் பேச்சும் பள்ளிக்கூட வாசலில் இந்த ஊர்ப் பேச்சுமாக, நின்ற இடத்திலேயே மாற்றிப் பேசுகிறாள். அந்த வாசலில் எந்தப் பக்கம் நின்று நான் அவளைக் கூப்பிடுவது?

நீங்கள் இதை வாசிக்கும்போது அந்த ஞாயிறு கடந்திருக்கலாம். ஆனாலும் எழுதுங்கள். ஊரில் இருக்கும் தாய்மாரும், என்னைப் போல் வந்தவர்களும், இந்த ஊர்த் தாய்மாரும். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?