ஈரல் கொடுப்பவருக்கு விருந்து

2025 ஜூலை 14, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சினேன். கணவரின் எடையைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். வயிற்றில் நீர் கோத்திருப்பதால் அவருக்கு உப்பு ஆகாது. உப்புப் போடாத இட்லியை வழக்கம்போல் தின்றார். நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஒத்தக்கடையில் ஆட்டோ பிடித்தேன். கோரிப்பாளையம் நெரிசலில் நின்று நின்று ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

கணவரின் கல்லீரல் சுருங்கிவிட்டது. மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பார் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய தம்பி, கப்பலூரில் லேத் ஓட்டுபவர், தன் ஈரலில் ஒரு பகுதியைத் தருகிறேன் என்று தானாக முன்வந்தார். அறுவைக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தில் நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் கொழுந்தனுக்குக் கடைசிச் சோதனைகள். ஸ்கேன் எல்லாம் முந்தின வாரமே எடுத்தாகிவிட்டது; அன்று முடிவு சொல்லும் நாள்.

மே மாதம் எடுத்த முதல் ஸ்கேனை மருத்துவர் கணினியில் எங்களுக்குக் காட்டியிருந்தார். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்று ஈரலைத் தனியே எடுத்து நிறம் கொடுத்து, ரத்தக்குழாய்களைப் பிரித்து, எங்கே வெட்டினால் அண்ணனுக்கு எவ்வளவு வரும், தம்பிக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்டிருந்தது. முன்பெல்லாம் கையால் கோடு போட்டு அளப்போம், இப்போது இது போட்ட கோட்டை நாங்கள் சரிபார்த்தால் போதும் என்றார். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. எடை மட்டும் ஏறக் கூடாது என்று கொழுந்தனிடம் கண்டிப்பாகச் சொல்லியும் அனுப்பினார்.

எங்கள் சொந்தத்தில் புதுமாப்பிள்ளையை வீட்டுக்கு வீடு கூப்பிட்டுக் கறிசோறு போடுவது வழக்கம். ஈரல் தரப்போகிறார் என்ற செய்தி பரவியதும் கொழுந்தனுக்கு அதே மரியாதை தொடங்கிவிட்டது. ஒரு ஞாயிறு பெரியப்பா வீடு, அடுத்த ஞாயிறு சித்தப்பா வீடு. அதற்கு நடுவே என் நாத்தனார், கணவரின் அக்கா, தூக்குச்சட்டியில் குடல்குழம்போடு கப்பலூருக்கே பஸ் ஏறிவிடுவார். எடை ஏறக் கூடாது என்று நான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். எல்லோரும் ஆக்கிப் போட்டார்கள்.

அன்று கொழுந்தனோடு நாத்தனாரும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். மருத்துவர் மே மாதப் படத்தையும் புதுப் படத்தையும் அருகருகே வைத்தார். “சாஃப்ட்வேர் அளந்து காட்டுது, ஈரல்ல கொழுப்பு ஏறியிருக்கு. மே மாசம் இது இல்ல. இப்படியே எடுத்தா ரெண்டு பேருக்குமே ஆபத்து” என்றார்.

நாத்தனார் விடவில்லை. “மிஷினு தப்பாச் சொல்லுது சார். பிள்ளை இப்பத்தான் பாக்கத் தெளிவா இருக்கான்.”

“மிஷினை மட்டும் நம்பலம்மா. எம்ஆர்ஐயும் எடுத்தாச்சு, நானும் பாத்தாச்சு. எடை குறையட்டும். ஆறு வாரம் கழிச்சுத் திரும்ப எடுப்போம்.”

“அதுவரைக்கும் இவருக்கு?” என்று கேட்டேன்.

“தண்ணி சேந்தா எடுத்துவிடுவோம். காய்ச்சல் வந்தா, பேச்சு குழம்புனா உடனே கூட்டிட்டு வாங்க.” தாங்குவார் என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை.

வெளியே வந்ததும் கொழுந்தன் தலையைச் சொறிந்தார். “கூப்புட்ட வீட்டுக்குப் போகாம எப்படி மதினி? இலையில உக்காந்தபொறவு போதும்னா விடுறாகளா?” பிறகு அக்காவைப் பார்த்தார். “அந்த மிஷினு கொழுப்பைக் காட்டுதே, கொழுப்பை ஏத்துனவுக மூஞ்சியையும் காட்டுமா?”

“காட்டும்டா காட்டும். உசுரக் குடுக்கப் போறானேன்னு ஆக்கிப் போட்டேன்ல, எனக்கு வேணும்” என்றார் நாத்தனார். என் பக்கம் திரும்பி, “ஆத்தா, வாற ஞாயிறு எங்க வீட்டுல கிடா வெட்டு. எல்லாருக்கும் சொல்லியாச்சு. இவன் மட்டும் கொஞ்சமாத் திங்கட்டும்” என்றார்.

இவர்கள் கொஞ்சம் எம்புட்டு என்று எனக்குத் தெரியும். தன் உடம்பை அறுத்துத் தருகிறேன் என்பவரிடம், இந்தத் துண்டைத் தின்னாதே என்று சொல்ல நான் யார்? என் கணவரை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவிடம், உன் குழம்புதான் அறுவையைத் தள்ளிப்போட்டது என்று எப்படிச் சொல்வது? உள்ளே இருக்கும் கொழுப்பை ஒரு மென்பொருள் அளந்து காட்டிவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்த காலோடு கிடா வெட்டுக்கு அழைப்பு! யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை. ஆட்டோவில் திரும்பும்போது கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தேன்.

சாயங்காலம் கணவர், “அவன ஒண்ணும் சொல்லாத. தாரேன்னு வந்ததே பெருசு” என்றார்.

“சொல்லாட்டி அந்தக் கிடாவும் போயி அவர் ஈரல்லதான் உக்காரும்.”

அவர் சிரித்தார். சிரித்ததும் வயிறு வலித்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கணுக்கால் முந்தின நாளைவிட வீங்கியிருந்தது. ஆறு வாரம் அவரிடம் இருக்கிறதா என்பதை எந்தப் படத்தைப் பார்த்து யார் சொல்வார்கள்?

மறுநாள் காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் நாத்தனாருக்குப் போன் செய்தேன். “கிடாய வெட்டுங்கக்கா. ஆனா தம்பியக் கூப்புடாதீங்க. கப்பலூருக்கும் ஒண்ணும் கொண்டு போகாதீங்க” என்றேன். “அப்ப எங்க வீட்டுச் சோறு வெசமா?” என்று கேட்டார். “ஆறு வாரத்துக்கு வெசம்தான்” என்றேன். போனை வைத்துவிட்டார். அடுத்ததாகப் பெரியப்பா வீட்டு எண்ணை அழுத்தினேன்.