பெரியம்மா வாங்கிய கிழமை

பெரியம்மா கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்து, ஊரில் தான் ஒரு வீடு வாங்கிவிட்டதாகச் சொன்னபோது அம்மா குசினியில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு ஓடிவந்து கைபேசியை என்னிடமிருந்து வாங்கி, எந்தப் பக்கம், யாருடைய வளவு, கிணறு நல்ல தண்ணீரா என்று கேட்டுக்கொண்டே போனார். பெரியம்மா சிரித்தார். எங்கள் நயினாதீவில் இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம் மண்கும்பானில், கடற்கரையோடு என்றார். மேல்மாடி. கட்டில், குளிரூட்டி, குழாயில் வெந்நீர். அம்மாவின் முகம் மலர்ந்துகொண்டு வந்தது. கடைசியில்தான் பெரியம்மா சொன்னார், வருடத்தில் ஒரு கிழமை, ஏழு நாள் மட்டும் என்று.

"மிச்ச நாளெல்லாம் ஆர் இருக்கிறது?" என்று அம்மா கேட்டார்.

"வேற ஆக்கள். அவைக்கு அவையின்ரை கிழமை."

அம்மா கைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார். தனக்கு விளங்காத எதையும் அவர் என்னிடம்தான் தருவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பட்டம் எடுத்து, பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கதிரை போட்டு இருக்கிறேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. நான் பல்கலைக்கழக விடுதியில் இருந்த வருடங்களில் பெரியம்மா இரவு வேலையாக அலுவலகங்களின் தரை துடைத்து எனக்குக் காசு அனுப்பினார். அந்தப் பெருமையில் பாதி அவருடையது.

ஆனால் அந்தக் கிழமையை வாங்குவதற்கு முன் அவர் என்னைக் கேட்கவில்லை.

ஏன் வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். இப்போது நாங்கள் இருக்கும் வீடு அம்மாவின் சீதனம். பெரியம்மாவுக்கும் ஒரு வீடு எழுதப்பட்டிருந்தது. தெற்கில் கலவரத்தில் பெரியப்பாவின் கடை எரிந்து, அவரும் போய்ச் சேர்ந்த பிறகு, வெளிநாடு போக ஏஜன்சிக்குக் கட்டுவதற்காகப் பெரியம்மா அதை விற்றார். அதனால் மூத்தவருக்கு ஊரில் வீடு இல்லை. முன்னொரு முறை வந்தபோது எங்கள் வீட்டில் நின்றார். அம்மா தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுப் பாயில் படுத்தார். காலையில் பெரியம்மா எழும்புமுன் தேநீர் வைத்தார். யாரும் எதையும் குறையாகச் செய்யவில்லை. அதுதான் பெரியம்மாவைச் சுட்டது. "இஞ்சை வந்தா விருந்தாளி, அங்கை போனா அகதி," என்று படகுத்துறையில் சிரித்துக்கொண்டு சொன்னார்.

எங்கள் வளவிலேயே ஓர் அறை கட்டி, அந்த நிலத்துண்டை அவர் பெயருக்கு உறுதி முடித்துத் தருகிறோம் என்று நான் அப்போதே சொல்லியிருந்தேன். அம்மாவுக்கும் அதில் முழுச் சம்மதம். பெரியம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "தங்கச்சியின்ரை சீதனத்திலை பங்கு கேட்டவள் எண்டு பேர் எடுக்கச் சொல்லுறியோ?" என்றார்.

டைம்ஷேர் என்று சொல்லப்படும் இந்த வியாபாரம் அவரைத் தேடி வந்தது கனடாவில் ஒரு மண்டபத்தில். ஊர்க்காரர்களுக்கு இரவு விருந்து என்று அழைத்திருக்கிறார்கள். அப்பம், கொத்துரொட்டி, வந்த பெண்களுக்கெல்லாம் ஒரு சேலை. திரையில் மண்கும்பான் கடலைக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் தீவு அம்மனின் திருவிழாக் கிழமை என்று தனியாக ஒன்று விலைக்கு இருந்திருக்கிறது. அறையின் யன்னலில் நின்றால் அம்மன் கோபுரம் தெரியும் என்றார்களாம். அன்று இரவு கையெழுத்து வைப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த விலை.

பெரியம்மா சும்மா ஏமாறுகிற ஆள் இல்லை. விற்கவந்த பையனிடம் யாருடைய பிள்ளை என்று எங்கள் ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்: "நீர் ஆற்றை பிள்ளை?" அவன் உடனே பதில் சொன்னான். தகப்பன் பெயர், தாயின் ஊர், பக்கத்துத் தீவான புங்குடுதீவில் எந்த வட்டாரம், எந்தக் கோயிலடி. எல்லாம் பொருந்தியது. அதற்குப் பிறகு பெரியம்மாவுக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அவன் பொய் சொல்லவும் இல்லை. அவன் உண்மையிலேயே அவர்களுடைய பிள்ளைதான்.

அவர் படம் பிடித்து அனுப்பிய தாள்களை நான் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் வாசித்தேன். அது காணி உறுதிப் பத்திரம் அல்ல. காணித் துண்டோ, எல்லையோ, நொத்தாரிசின் முத்திரையோ அதில் இல்லை. ஒரு கட்டிடத்தில் வருடத்தின் குறிப்பிட்ட ஒரு கிழமை தங்கிக்கொள்ளும் உரிமை மட்டும். வந்தாலும் வராவிட்டாலும் வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் கட்டவேண்டும். அது கூடலாம், எவ்வளவு கூடலாம் என்று இல்லை. கையெழுத்து வைத்த பிறகு மனம் மாறினால் விலகிக்கொள்ளச் சில நாள் தவணை இருந்தது. எனக்குத் தாள் வந்து சேர்ந்தபோது அந்தத் தவணை முடிந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை படகில் குறிகட்டுவான் துறைக்குப் போய், பேருந்து ஏறி மண்கும்பானுக்குப் போனேன். விடுதி இருந்தது, கட்டிடமும் நல்லது. வரவேற்பில் இருந்த அக்கா மரியாதையாகப் பதிவைப் பார்த்து, பெரியம்மாவின் பெயர் இருக்கிறது என்றார். அவருக்குரிய அறையைத் திறந்துவிட, யன்னலில் நின்று பார்த்தேன். கடல் தெரிந்தது. கோபுரம் தெரியாது. தெரியவும் முடியாது, அது எவ்வளவு தூரம்.

எனக்கு அதைவிடப் பெரிய பிழை ஒன்று அன்றுதான் கண்ணில் பட்டது. தாளில் இருந்தது ஆங்கிலக் கலண்டரின் கிழமை. எங்கள் அம்மனின் கொடியேற்றமும் தேரும் ஆனி மாதத்துப் பூரணைக் கணக்கில் வருகிறவை. ஒரு வருடம் முன்னுக்கு வரும், ஒரு வருடம் பின்னுக்குப் போகும். திருவிழாக் கிழமை என்று விற்றவனும் தீவுக்காரன், வாங்கியவரும் தீவுக்காரர். இரண்டு பேருக்கும் இது சின்ன வயதிலிருந்து தெரியும். மண்டபத்தில் யாரும் நினைக்கவில்லை.

பெரியம்மா அந்த வருடமே வந்தார். திருவிழா பிந்தி வந்த வருடம். மண்கும்பானில் தன் கிழமை முழுக்கத் தனியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கொடியேறும் அன்று அவருடைய அறையில் வேறு குடும்பம் இருந்தது. பெட்டியோடு படகேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கட்டிலைத் தட்டிப் புது விரிப்புப் போட்டார். தேர் இழுத்த அன்று கூட்டத்தில் நின்று அழுதார். பக்தியில் அழுகிறார் என்று அம்மா நினைத்தார்.

திரும்பிப் போனதும் விற்றுவிடச் சொன்னார். நான் விசாரித்தேன். அப்படியான கிழமைகளை வாங்க ஆள் இல்லை, விற்கத்தான் ஆட்கள் நிறைய. அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் யாரோ ஒருவன் அவரை அழைத்தான். லண்டனில் ஒரு குடும்பம் அந்தக் கிழமையை நல்ல விலைக்குக் கேட்கிறது, பெயர் மாற்றும் செலவை மட்டும் நீங்கள் முதலில் கட்டவேண்டும் என்று. பெரியம்மா அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவனும் பதில் சொன்னான். பெரியப்பாவின் கடை எந்தத் தெருவில் இருந்தது என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. பெரியம்மா கட்டினார்.

எனக்கு இது தெரியவந்தது அடுத்த தொகையை அவன் கேட்டபோது. வரி என்று சொல்லி ஆங்கிலத்தில் ஒரு தாள் அனுப்பியிருந்தான். வாசித்துச் சொல்லச் சொல்லிப் பெரியம்மா எனக்கு அனுப்பினார். நான் முதலில் விடுதிக்கு எடுத்தேன். தங்கள் கடிதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது, அப்படி யாரும் கேட்டு வரவும் இல்லை என்று அதே அக்கா சொன்னார். பெரியப்பாவின் கடையைப் பற்றி யாரிடமாவது சொன்னீர்களா என்று பெரியம்மாவைக் கேட்டேன். விருந்தில் அந்தப் பையனிடம் சொன்னாராம். அவன் எழுதிக்கொண்டானாம். அந்த விபரங்கள் கைமாறி வந்திருக்கின்றன.

பெரியம்மா, அவன், நான் மூவரும் ஒரே அழைப்பில் இருக்கும்படி செய்தேன். அவனுடைய குரல் நல்ல குரல். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டான். வாங்குபவரின் பெயரையும் சட்டத்தரணியின் பெயரையும் கேட்டேன். பிறகு தருவதாகச் சொன்னான்.

"அப்ப இப்பிடிச் செய்வம்," என்றேன். "வாங்கிற ஆக்கள் தாற காசிலை உங்கடை செலவைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தை அனுப்புங்கோ."

"அது ஏலாது, தங்கச்சி. சட்டம் அப்பிடி."

"எந்தச் சட்டம் எண்டு சொல்லுங்கோ. நான் காணிக் கந்தோரிலைதான் இருக்கிறன்."

பிறகு அவன் என்னை விட்டுவிட்டுப் பெரியம்மாவோடு பேசினான். "அன்ரி, படிச்ச பெறாமகள் இருக்கிறா எண்டு நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே. அவவுக்கு உங்களிலை நம்பிக்கை இல்லைப்போலை."

"தம்பி," என்றார் பெரியம்மா. "நீர் போனை வையும்."

அவன் வைத்துவிட்டான். விற்றுத் தருகிறேன் என்று வருகிறவன் விற்ற பிறகுதான் தன் கூலியை எடுப்பான், முதலில் கேட்கிறவன் விற்க வந்தவன் இல்லை என்று நான் பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். போன காசை மீட்டுத் தருகிறோம் என்று இனி வேறு யாராவது எடுப்பார்கள், அவர்களும் அதே கூட்டம்தான் என்றேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் சரி. பெரியம்மா இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம் பிள்ளை, நீ சொல்லுறது சரி," என்றார் கடைசியில். "எண்டாலும் ஞாயிற்றுக்கிழமையிலை எடுத்து, அன்ரி சாப்பிட்டிட்டியளோ எண்டு கேட்டவன் அவன் ஒருத்தன்தான்."

நாங்கள் அவரை மறந்திருக்கவில்லை. ஆனால் எங்கள் ஞாயிறு காலை அவருக்குச் சனி இரவு, அவர் வேலையில் நிற்பார். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன.

அவன் பிறகு எடுக்கவில்லை. பெரியம்மாவும் அதன் பிறகு குறைவாகத்தான் எடுத்தார். கிழமையை விடுதிக்கே சும்மா திருப்பிக் கொடுத்தால் பராமரிப்புக் கட்டணத்திலிருந்தாவது தப்பலாம் என்று நான் எழுதிக் கேட்டு, பலமுறை மண்கும்பானுக்குப் போய் நின்று, அவர்களைச் சம்மதிக்க வைத்தேன். பெரியம்மா கையெழுத்து வைத்து அனுப்பினார். அடுத்த வருடத்துக்கு ஏற்கனவே கட்டியிருந்தபடியால் கடைசியாக ஒரு கிழமை மிஞ்சியிருந்தது. முழங்கால் ஏலாது, நீங்கள் போய் இருங்கோ என்றார். எங்கள் வளவில் அறை கட்டும் கதையை அம்மா மறுபடி எடுத்தபோது, பாப்பம் என்றார்.

அம்மாவும் நானும் போனோம். அம்மா வீட்டிலிருந்து படுக்கை விரிப்புக் கொண்டுவந்திருந்தார். போன உடனே அறையைத் தானே ஒருமுறை கூட்டினார். குளிரூட்டியை நிறுத்தச் சொன்னார். யன்னலுக்குப் பக்கத்தில் நின்று, எங்கள் தீவு எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் கைகாட்டினேன். அங்கே ஒன்றும் தெரியவில்லை. அம்மா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் பெரியம்மாவுக்கு வீடியோவில் எடுத்தோம். வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றாமல் இருந்தார். அம்மா கட்டிலைக் காட்டினார், கடலைக் காட்டினார். கடல் வேண்டாம் என்றார் பெரியம்மா.

"கதவைக் காட்டு."

நான் கைபேசியைக் கதவுப் பக்கம் திருப்பினேன். சாதாரணப் பலகைக் கதவு. திறப்புப் போட்டுத் திறக்கிற பூட்டு இல்லை, அட்டை காட்டித் திறக்கிற பூட்டு. பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடை வீட்டுக் கதவு மாதிரி உள்ளை நிண்டு சாத்து," என்றார் அம்மாவிடம்.

அம்மா போய்ச் சாத்தினார். பூட்டு தானாக விழுந்தது. அந்தச் சத்தம் கனடாவில் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. அம்மா திரும்பி வராமல், கையைக் கதவில் வைத்தபடி அங்கேயே நின்றார்.