மணப்பெண் முன்னால் ஒரு ரச வாளி

போன புதன்கிழமை ஆனைமலையில் ஒரு கல்யாணம். காலை ஏழரைக்குத் தாலி. ஒன்பதே காலுக்குப் பந்தி. மணமக்களுக்கு எதிர்வரிசையில் மூன்றாவது இலை என்னுடையது.

மாப்பிள்ளை நாச்சிமுத்து, முன்பு மில் மேனேஜராக மோட்டார் காரில் போய்வந்தவர். தண்ணீர் தெளித்து எடை கூட்டிய பஞ்சை, மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். மில் அவருடைய தாய்மாமனுடையது. மருமகன் என்று பார்க்கவில்லை... ஊரறிய வெளியே அனுப்பிவிட்டார்.

பெண் மாராத்தாள், போத்தனூர் ஸ்டேஷனுக்கு எதிரே சாப்பாட்டுக் கிளப்பில் பரிமாறுபவள். அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு தங்கைகளை வளர்க்கிறாள். வேலை போன பிறகு நாச்சிமுத்துவுக்கு அங்கேதான் சாப்பாடு. எனக்கும்தான். எல்லாரும் அவரிடம், "உங்க மேல என்னங்க தப்பு?" என்பார்கள். அவள் மட்டும் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"பிரிச்சுப் பாக்காதது உங்க தப்புதானுங்க. இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?"

காதல் வேறு எங்கே ஆரம்பிக்கும்?

மாமா கல்யாணத்துக்கு வந்தார். பழைய வேலையைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று – பந்தி வரை.

மாமாவின் மனைவி ரச வாளியைக் கொண்டுவந்து மாராத்தாள் முன்னால் வைத்தார்.

"ஏனம்மணி, கிளப்புல பழகின கைதானே? ரெண்டு வரிசைக்கு ஊத்திப்போடு."

முதல் பந்தியில் மணப்பெண் கரண்டி தொடுவதா? எங்கள் பக்கம் அந்த வழக்கமே கிடையாது. 'இவள் மருமகள் இல்லை, வேலைக்காரி' என்று ஊருக்குச் சொல்வதுதான் அது. பந்தி முழுக்கக் கைகள் நின்றன. மாராத்தாள் எழப்போனாள்...

நாச்சிமுத்து அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அவ சாப்பிடட்டுங்க அத்தை. நான் ஊத்தறேன்."

பரிமாறிப் பழக்கமுண்டா மனிதருக்கு? முதல் கரண்டி ரசம், மாமாவின் தொன்னையிலிருந்த பாயசத்தில் போய் விழுந்தது.

"சோத்தைப் பாத்து ஊத்தோணுமுங்க!" என்றாள் மாராத்தாள். பந்தி சிரித்துவிட்டது.

மாமா சிரிக்கவில்லை. எழுந்தார். "தாலி கட்டி ரெண்டு மணி நேரம் ஆகலே, அதுக்குள்ள கரண்டி தூக்கறியா? மில்லை மறந்துரு மாப்பளே."

நாச்சிமுத்து ரச வாளியை வைத்துவிட்டுப் பாயச வாளியை எடுத்தார்.

"மறந்துட்டேனுங்க மாமா. உக்காருங்க, வேற பாயசம் ஊத்தறேன்."

மாமா உட்காரவில்லை. நான் என் தொன்னையை நீட்டினேன்.