மனப்பாடமாகச் சொன்ன எழுத்துகள்

பிள்ளைகளா, நான் கண்ணுக்கு லேசர் வைத்துக் கண்ணாடியைக் கழற்றியபோது நீங்கள் இரண்டு பேரும் பிறக்கவில்லை. முட்டை லாரி ஓட்டிக்கொண்டு கேரளா போகிறவனுக்கு, வேர்வையில் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கிக்கொண்டே இருந்தால் பெரிய தொந்தரவு. சேலத்தில் லேசர் வைத்தபின் பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

போன மாசியில், ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்ற பஸ்ஸைக் காட்டி, நாமக்கல் பஸ், ஏறு என்றேன். உங்கள் அம்மா பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது ஆத்தூர் பஸ்ஸுங்க" என்றாள். அடுத்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிட்டு, கூடவே வந்தாள்.

மறுபடி லேசர் வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் போனேன். ஆனாலும் பயம். கண் ரொம்பக் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டால் ஸ்டியரிங்கை விட வேண்டுமே. வெளியே பெஞ்சில் இருந்தபோது, எனக்கு முன்னால் உள்ளே போனவர் சோதனை அட்டையின் எழுத்துகளைச் சத்தமாகப் படித்தார். பள்ளியில் ஒரு செய்யுளும் நிற்காத தலையில் அது அப்படியே நின்றுவிட்டது. என் முறை வந்ததும் கடைசி வரிவரை சொல்லிவிட்டேன்.

"பார்வை நல்லாத்தானே இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

"அவரு பார்த்துச் சொல்லலீங்க. முன்னாடி போனவரு படிச்சதை ஒப்பிக்கறாருங்க" என்றாள் உங்கள் அம்மா.

"நீ சும்மா இரு புள்ள."

"சும்மா இருந்திருந்தா அன்னைக்கே ஆத்தூரு போயிருப்பேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்க சொல்றதையும் வெச்சுத்தான் அளவு எடுக்கறோம். தப்பான அளவுக்கு லேசர் வெச்சுட்டா அழிச்சுட்டு எழுத முடியாதுங்க."

வேறு எழுத்துகளைக் காட்டினார். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன். முதல் தடவை லேசர் வைத்ததிலேயே கருவிழி மெலிந்திருக்கும், இன்னொரு தடவை தாங்குமா, பவர் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

"லாரி ஓட்டலாமுங்களா?"

"கண்ணாடி போட்டு ஓட்டுங்க. போடாம வேண்டாம்."

சோதனைக் கண்ணாடியை மாட்டி ஜன்னலருகே நிறுத்தினார். எதிரே ஒரு பெண் சாலையைக் கடக்க நின்றிருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். சேலையின் நிறம் மட்டும் தெரிந்தது. குழந்தையைக் காணோம்.

இன்னொரு லேசர் வைப்பேனா, மாட்டேனா, அது ஆறு மாதம் கழித்துத்தான். கண்ணாடி கைக்கு வரும்வரை வண்டி எடுக்க மாட்டேன் என்று அங்கிருந்தே முதலாளிக்குப் போன் செய்தேன்.