இடது பக்க அணில்

சிவசாமிக்கு இப்போது ஐம்பது வயது. மாத்தளை இரத்தோட்டைப் பாதையில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் இருபத்தொரு வருடமாகக் கண்டக்டர். அத்தனை வருடமும் ஒரே டிரைவர்தான், ஷிஹாம். இரண்டு வயது மூத்தவர் என்பதால் சிவசாமிக்கு அவர் 'நானா', அவருக்கு இவன் 'சாமி'. முகம் கொடுத்துப் பேசாத நாட்கள் அவர்களுக்குள்ளும் உண்டு. ஆனாலும் ஒருவரை விட்டு ஒருவர் வேறு வண்டி தேடிப் போனதில்லை. இதில் பாதிப் பெருமை ஓர் அணிலைச் சேரும் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஊரும் அப்படித்தான் சிரித்தது.

மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில், ஜைனுதீன் என்பவரின் ஃபோன் கடை. கடையின் பின்மூலையில் அலுமாரி உயரத்துக்கு ஒரு பழைய கேம் மெஷின். ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முட்டிமோதிய மெஷின் அது. பிள்ளைகள் கைக்கு ஃபோன் வந்த பிறகு அதைத் தேடி வந்தவர்கள் இந்த இரண்டு தடியர்கள் மட்டுமே. ஒவ்வொரு நாளும் பகல் ட்ரிப்புக்கு முன்னால் வண்டிக்கு அரை மணி நேரம் ஓய்வு. சாப்பாட்டுப் பொதியை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு மாடியேறுவார்கள்.

விளையாட்டு இவ்வளவுதான். சிவப்புத் தொப்பி போட்ட அணில் ஒன்று, நீலத் தொப்பி போட்டது ஒன்று. இரண்டும் ஏணியில் ஏறி, பலகைக்குப் பலகை தாவி, நாற்பது மாடி ஏற வேண்டும். மேலே ஒரு கடுவன் பூனை அணில்களின் கொட்டைகளை எல்லாம் திருடி வைத்துக்கொண்டு பீப்பாய்களை உருட்டிவிடும். அது என்ன கொட்டை என்று யாருக்கும் தெரியாது. பலாக்கொட்டை என்று ஜைனுதீன் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அதன்பின் அது பலாக்கொட்டைதான். பீப்பாய் மோதினால் அணில் ரொட்டி மாதிரித் தட்டையாகிவிடும். கண் இரண்டும் சுழலும், தலையைச் சுற்றி நட்சத்திரம் பறக்கும், பிறகு உடம்பை உதறிக்கொண்டு எழுந்து ஓடும்.

அந்த உதறலைப் பார்க்கத்தான் ஷிஹாம் வந்தார். காலையிலிருந்து பொலீஸ்காரனிடம் ஏச்சு, முதலாளியிடம் ஏச்சு, முச்சக்கர வண்டிக்காரனிடம் ஏச்சு என்று வாங்கிக்கொண்டு வரும் மனிதர், அணில் எழுந்தவுடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சிவசாமிக்கு வேறு காரணம். அங்கே வெற்றி என்று ஒன்று இருந்தால் அது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். ஒரு அணில் பீப்பாயைத் தட்டிவிட்டால்தான் மற்றது ஏணியைப் பிடிக்க முடியும். வீட்டிலும் ரோட்டிலும் அவனுக்கு அப்படி ஒரு நியாயம் கிடைத்ததில்லை.

இடது பக்க அணில் எப்போதும் சிவசாமியுடையது. அதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. பஸ்ஸிலும் அவன் இடம் இடது பக்கம்தானே. முன்வாசல் ஃபுட்போட்டில் தொங்கிக்கொண்டு, "மதகு இருக்கு நானா, ஓரத்துக்கு ஒட்டாதீங்க", "சைக்கிள் வருது", "எறங்கிட்டாங்க, எடுங்க" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவான். டிரைவர் வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். இரத்தோட்டை வளைவுகளில் இருபத்தொரு வருடம் ஒரு கீறலும் இல்லாமல் வண்டி ஓடியது இப்படித்தான். திரையிலும் இடமிருந்து வரும் பீப்பாய் எல்லாவற்றையும் சிவசாமியே தட்டிவிடுவான்.

தைப்பொங்கல் கழிந்த வாரம், வலது பக்கப் பொத்தான் ஒன்று வேலை செய்யவில்லை. சிவசாமிக்கு அந்தப் பொத்தான் இல்லாமலும் சமாளிக்கத் தெரியும் என்பதால், அன்றைக்கு மட்டும் இடம் மாறி நின்றார்கள். ஒரு நிமிடத்துக்குள் ஷிஹாமின் அணில் மூன்று தடவை தட்டையானது. மூன்று தடவையும் பீப்பாய் இடது ஓரத்திலிருந்து வந்தது. குழந்தைகூட விலகிப்போகும் வேகம்தான்.

"இடது கை நமக்கு ராசியில்ல சாமி," என்று ஷிஹாம் சிரித்தார்.

சிவசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. தேநீர் வந்தபோது கோப்பையை வேண்டுமென்றே அவருடைய இடது பக்கத்தில் நீட்டினான். அவர் வாங்கவில்லை. ஜைனுதீனோடு பேசிக்கொண்டே இருந்தார். கோப்பையை மெல்ல மெல்ல முன்னால் கொண்டுவந்தான். மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், "அட, வந்துட்டா?" என்று கை நீட்டினார். லைசன்ஸுக்கான மருத்துவச் சோதனையில் எழுத்துகளைக் கடகடவென்று வாசித்துவிட்டு வந்தவர் இவர். நேரே இருப்பது எல்லாம் தெரிகிறது. பக்கத்தில் இருப்பதுதான் இல்லை. இத்தனை காலமும் அந்தப் பக்கத்தை இவன் பார்த்துக்கொண்டதால், போன பார்வை போனதே அவருக்குத் தெரியவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே, அந்த மாடிப்படியிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆனி மாதம் ஷிஹாமின் ஒரே மகள் நிஹ்லாவுக்குக் கல்யாணம். வாப்பா கண் தெரியாமல் வீட்டில் இருக்கிறார் என்ற பேச்சு அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டாம், கல்யாணம் முடியட்டும், பிறகு நாமே கண் டாக்டரிடம் கூட்டிப்போவோம் என்று தனக்குத்தானே நியாயம் கற்பித்துக்கொண்டான். அதுவரை இடது பக்கத்துக்கு நான் இருக்கிறேன் என்பது அவன் கணக்கு. மெஷினின் பொத்தானை ஜைனுதீன் மாற்றியதும் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டான். லீவு எடுப்பதையே விட்டுவிட்டான். சொந்த மச்சினன் செத்த வீட்டுக்குக்கூட கடைசி ட்ரிப் முடிந்த பிறகுதான் போனான்.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கையில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் விழுந்தான். உடம்பு அனலாய்க் கொதிக்க, கட்டிலில் கிடந்தபடியே ஷிஹாமுக்கு ஃபோன் எடுத்தான்.

"நானா, நான் வார வரைக்கும் வண்டி எடுக்காதீங்க."

"என்னத்துக்கு?"

"சும்மாதான். கல்யாண வேலையப் பாருங்களேன்."

"நீ இல்லாட்டி பஸ் ஓடாதா சாமி? பெரிய ஆள்தான் நீ," என்று அவர் சிரித்தார். "உனக்குப் பதிலா தயாபரன் வாரான். நீ பேசாம படுத்துத் தூங்கு."

காரணம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சிவசாமி அதை விழுங்கிவிட்டு, சரி நானா, பார்த்துப் போங்க என்றான்.

தயாபரன் நல்ல மனிதர். டிக்கெட் கொடுப்பதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் பழக்கம் பின்வாசலில் நிற்பது. எந்த வண்டியிலும் அப்படித்தான் நின்றார், இந்த வண்டிக்கு வேறு மாதிரி நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சின்னப்பிள்ளை என்ற பெண் முன்வாசலால் இறங்கினார். இறங்கியவரின் பையிலிருந்து உருளைக்கிழங்கு உருண்டது. பொறுக்கக் குனிந்தார். பின்வாசலிலிருந்து "ரைட்" என்று சத்தம் வந்தது. ஷிஹாம் இடது பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அங்கே யாரும் தெரியவில்லை, வண்டியை எடுத்தார்.

சின்னப்பிள்ளைக்கு நாற்பத்துமூன்று வயது, இரண்டு பிள்ளைகள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஷிஹாம் பிணையில் வெளியே வந்து ஒரு வாரம் கழித்து, ஜைனுதீன் கடைக்கு வரும்படி சிவசாமிக்குச் சொல்லி அனுப்பினார். மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பாதியாய் இளைத்துப் போயிருந்தார்.

"அல்லாஹ் மேல ஆண சாமி, அங்க யாருமே இருக்கல்ல. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் எடுத்தேன். எப்பிடி வந்தா அந்தப் புள்ள? நான் தூங்கிட்டேனா? எனக்குப் பைத்தியமா? மூனு கெழமையா இதத்தான் யோசிக்கிறேன்."

இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க சிவசாமியால் முடியவில்லை. பீப்பாயையும் தேநீர்க் கோப்பையையும் தலையைக் குனிந்தபடி சொன்னான். நிஹ்லாவின் கல்யாணத்தைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

ஷிஹாம் இடது கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து, மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். கை மூக்குக்கு நேரே வந்து நின்றது. அப்போதுதான் அது அவருக்குத் தெரிந்தது.

"எப்பலிருந்து தெரியும்?"

"தை மாசத்துலேருந்து."

"சொல்லியிருந்தா அன்னைக்கே சாவியக் குடுத்திருப்பேனே சாமி. கல்யாணம் என்ன பெரிய கல்யாணம்."

"நீங்க கேட்டிருந்தா சத்தியமா சொல்லியிருப்பேன் நானா."

"கேக்கணும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் ஷிஹாம்.

அவர் சுவரைத் தடவிக்கொண்டு தனியாகவே படியிறங்கிப் போனார்.