பின்னால் தண்ணீர் வருகிறதா?

லிங்கி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் என் மகனின் அஸ்தியைக் கரைத்துப் பூத்தூவினேன். அதன் பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பூசாரி சொல்லியிருந்தார்.

படகு கிளம்பிய சிறிது நேரத்தில் மோட்டார் கீச்சிட்டது. முன்னால் இருந்து ஓட்டியவர் கத்தினார்: "அண்ணே, மோட்டார் சூடாகுது லா! பின்னால அதோட ஓட்டையில, சூட்டைத் தணிக்கிற தண்ணி பீச்சுதா, பாருங்க!"

நான் திரும்பவில்லை. "வருது" என்றேன்.

புகைந்து, மோட்டார் நின்றது. அவர் பின்னால் வந்து அதைத் தூக்கி, தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தை அடைத்திருந்ததை உருவி என் முன்னே நீட்டினார். அஸ்திக் கலயத்தைக் கட்டியிருந்த சிவப்புத் துணி.

"வருதுன்னீங்களே, அண்ணே?"

மோட்டார் செத்த படகை அலை மெல்லத் திருப்பியது. நான் தூவிய பூக்கள் நேர் எதிரே மிதந்தன.

பார்க்காமல் இருந்தால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.